ஜன்னல் வெளிச்சமும் வேட்டித் திரையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உத்திரமேரூர் பகுதிக் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் டீ குடிக்கும்போது ஒரு அக்கா கேட்டாங்க. "ஏம்மா, உங்க ஊறுகாய் பாட்டில் படம் மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சுனு இருக்கு? எந்த ஸ்டுடியோவில எடுக்கறீங்க? ஒரு படத்துக்கு எவ்வளவு வாங்கறாங்க?" ஸ்டுடியோவும் இல்லை, யாரும் காசும் வாங்கலை. வீட்டுத் திண்ணை, ஒரு பழைய வேட்டி, டி.வி. பெட்டிக்குள் வந்த தெர்மாகோல் அட்டை, அப்புறம் ஒரு செல்போன். இவ்வளவுதான். இதைச் சொன்னவுடனே, "அப்படியே கூட்டத்தில பேசிடுங்க" என்று தலைவி சொல்லிட்டாங்க. அதனால்தான் இன்றைக்கு மைக் எங்கள் கையில் இருக்கிறது.

முதலில் நாங்கள் பட்ட நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம். நஷ்டம் வரலைன்னா நாங்களும் இதைக் கற்றிருக்க மாட்டோம்.

எங்கள் குழுவில் ரெண்டு வீட்டில் தறி இருக்கிறது. மற்றவர்கள் ஊறுகாய், பொடி வகை, அப்பளம், கோரைப் பாய், ஓலைப் பெட்டி என்று ஆளுக்கு ஒன்று செய்கிறோம். தறி வீட்டுத் தங்கச்சி ஒருத்தி, மயில் கழுத்துக் கலரில் பட்டுச் சேலை ஒன்று நெய்து முடித்தாள். ராத்திரி எட்டு மணிக்கு, கூடத்தில் டியூப் லைட், பக்கத்தில் சாமி அலமாரிக்கு மேல் மஞ்சள் பல்பு, இந்த ரெண்டு வெளிச்சத்தில் அவள் பையன் போனில் படம் எடுத்து அனுப்பினான். சென்னையில் இருந்து ஒரு அம்மா பார்த்து, நல்ல நீலம் என்று ஆசைப்பட்டு வாங்கினாங்க. சேலை போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. "நான் கேட்டது நீலம், வந்தது பச்சை. ஏமாத்திட்டீங்க" என்று சொல்லிட்டாங்க. அந்தப் பணத்தை வைத்துத்தான் வங்கிக் கடன் தவணை கட்டுவதாக இருந்தது. குழுக் கூட்டத்தில் அன்றைக்குப் பெரிய வாக்குவாதம். தவணையை குழுச் சேமிப்பில் இருந்து கொடுத்துச் சமாளித்தோம். ஆனாலும், "ஏமாத்திட்டீங்க" என்ற சொல் அந்தத் தங்கச்சியை ரொம்ப நாள் உறுத்தியது. ராப்பகலாகப் பாவு போட்டு நெய்தவளை அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், சொல்லுங்க.

மறுநாள் காலையில் அந்தச் சேலையை வாசலில் கொண்டுவந்து விரித்துப் பார்த்தோம். அந்த அம்மா சொன்னதும் பொய் இல்லை, நாங்கள் அனுப்பியதும் பொய் இல்லை. மயில் கழுத்து என்றால் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். எங்களுடையதில் பாவு நீலம், ஊடை பச்சை. ஒரு பக்கமாகப் பார்த்தால் நீலம் தூக்கலாக இருக்கும், கொஞ்சம் சாய்த்தால் பச்சை வந்துவிடும். அதுதானே அந்தச் சேலைக்கே அழகு. ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பியதுதான் எங்கள் தப்பு. அதோடு, டியூப் லைட் வெளிச்சம் நீலம் கலந்தது, மஞ்சள் பல்பு வெளிச்சம் சிவப்பு கலந்தது. ரெண்டும் சேர்ந்து விழும்போது எது நிஜக் கலர் என்று போனுக்குத் தெரியாது. அதுவாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

இப்போது இந்த மாதிரிச் சேலை என்றால் மூன்று படம் எடுக்கிறோம். விரித்து வைத்து ஒன்று, கொசுவம் மாதிரி மடித்து ரெண்டு கலரும் தெரிகிற மாதிரி ஒன்று, முந்தானையும் கரையும் கிட்டத்தில் ஒன்று. கூடவே, "சாய்த்துப் பார்த்தால் பச்சை தெரியும்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். அந்தத் திரும்பி வந்த சேலையையே இப்படி எடுத்து அனுப்பினோம். வேறொருத்தர் வாங்கிக்கிட்டாங்க.

சரி, எப்படி எடுக்கிறோம் என்பதற்கு வருவோம். இதில் போனை விட வெளிச்சம்தான் முக்கியம். இதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். முதலில் நல்ல போன் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, உள்கடன் போடலாமா என்று கூடப் பேசினோம். நல்லவேளை, போடலை.

நடுமத்தியான வெயிலில் ஒரு சொம்பை வைத்துப் பாருங்க. ஒரு பக்கம் கண்ணைக் கூசும், மறு பக்கம் கரேல்னு நிழல். நம்ம பக்கத்தில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேராக இறங்குகிறது. அதனால் பொருளின் முகத்தில் வெளிச்சமே இருக்காது, தலையில்தான் இருக்கும். அதே நேரத்தில் ஒரு மேகம் வந்து மறைத்தால் என்ன ஆகிறது? நிழல் காணாமல் போய்விடுகிறது. சூரியன் எவ்வளவோ பெரியது என்றாலும் தூரத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சின்னத் தட்டு மாதிரிதான் தெரிகிறது. சின்ன இடத்தில் இருந்து வருகிற வெளிச்சம் கத்தி வெட்டின மாதிரி நிழல் போடும். மேகம் வந்தால் வானம் முழுக்க ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. பெரிய இடத்தில் இருந்து வருகிற வெளிச்சம் பொருளைச் சுற்றி வந்து தடவும், நிழல் இளகும். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாம் இதில் இருந்துதான்.

அதனால் நாங்கள் வேட்டியை மேகமாக ஆக்கினோம்! வெயில் நேராக விழாத ஜன்னல் என்றால் வேட்டி கூட வேண்டாம், அந்த வெளிச்சமே போதும். வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் அல்லது வாசல் என்றால், கொடி கட்டி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட வேண்டும். வேட்டி சலவை வெள்ளையாக இருக்கணும். காவி ஏறின வேட்டி கட்டினால் ஊறுகாய் முழுக்க காவி ஏறிவிடும். கொசுவலையைக் கட்டியும் பார்த்தோம். பொடி டப்பா மேல கட்டம் கட்டமாக வலை நிழல் விழுந்து, ஜெயிலுக்குள் வைத்த மாதிரி இருந்தது. அதை விட்டுட்டோம்.

ஜன்னல் பொருளுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ இருக்கட்டும். நம்ம முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நம்ம நிழலே பொருள் மேல விழும். எதிர்ப் பக்கத்தில் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வையுங்க. அது ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி, இருட்டாக இருக்கிற பக்கத்தில் அடிக்கும். வெள்ளைச் சார்ட் பேப்பரும் சரிதான். அலுமினியத் தாள் ஒட்டின அட்டை இன்னும் பலமாக அடிக்கும், ஆனால் புள்ளிப் புள்ளியாக விழும். உணவுப் பொருளுக்கு எங்களுக்கு அது பிடிக்கலை. பின்னால் வைக்கிற சார்ட்டைச் சுவரில் ஒட்டி, அப்படியே வளைத்து மேசை மேல இறக்கிவிட்டால் மூலைக் கோடு தெரியாது.

செல்போனில் ஒரு விஷயம். முதலில் கேமரா கண்ணைத் துடையுங்க. நம்ம கை எண்ணெய்க் கை, மசாலாக் கை. பாதிப் படம் மங்கலாக வருவதற்கு அதுதான் காரணம். துடைத்த பிறகு, திரையில் பொருள் மேல விரலை வைத்து அழுத்திப் பிடியுங்க. நிறைய போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். வெள்ளைப் பின்னணி வைத்தால் போன் ஏமாந்துபோகும். எதிரே ரொம்ப வெளிச்சம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். அப்போது சூரியனைக் கொஞ்சம் தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும். தூரத்தில் நின்று விரலால் இழுத்துப் பெரிசாக்காமல், ஒரு அடி கிட்டப் போங்க. கை நடுங்கினால் அரிசி நிரப்பின படியில் போனைச் சாய்த்து வைத்து டைமர் போடுங்க.

இதெல்லாம் வெயில் காலத்துக் கதை. நமக்கு ஆர்டர் எப்போது வருகிறது? தீபாவளிக்கு முன்னாடி. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கிற விற்பனைக் கண்காட்சி ஆகட்டும், வாட்ஸ்அப்பில் கேட்கிறவங்க ஆகட்டும், எல்லாம் ஐப்பசியை ஒட்டித்தான். சரியாக அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க வீட்டுக்குள் இருட்டு. பகலில் வேலை முடிந்து நாம் உட்காருவதே ராத்திரிதான். அதனால் பல்பு வெளிச்சத்துக்கும் வழி பண்ண வேண்டியிருந்தது.

எங்கள் விளக்கு இதுதான். ஒயரோடு ஒரு ஹோல்டர், 9 வாட் எல்.இ.டி. பல்பு, அதைச் சுற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணம், வெளிச்சம் முன்னாடி தள்ளுவதற்கு. ஒரு அட்டைப் பெட்டியில் மூன்று பக்கம் ஜன்னல் மாதிரி வெட்டி, வெள்ளைத் துணியோ பட்டர் பேப்பரோ ஒட்டி, பொருளை உள்ளே வைத்து, வெளியில் இருந்து ரெண்டு பக்கமும் விளக்கு காட்டுகிறோம். பல்பு பெட்டி மேல 6500 கே என்று போட்டிருந்தால் பகல் வெளிச்சம் மாதிரி, 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள். எதை வேண்டுமானாலும் வையுங்க, ரெண்டும் ஒரே எண்ணாக இருக்கணும். கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிடுங்க. விலை மலிந்த சில எல்.இ.டி.யில் சிவப்பு சரியாக எழும்பாது. அரக்குச் சேலையும் மிளகாய்ப் பொடியும் செத்துப்போன மாதிரி தெரியும். அதனால் சேலையை மட்டும் எப்பாடுபட்டாவது பகல் வெளிச்சத்தில்தான் எடுக்கணும் என்று குழுவில் தீர்மானமே போட்டிருக்கிறோம். சில பல்பில் படத்தின் குறுக்கே கருப்புக் கோடு ஓடும். நம்ம கரண்ட்டில் பல்பு ஒரு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது, கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். வேறு பல்பு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, விளக்கை ஒரு அடியில் இருந்து ரெண்டு அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும். அதனால் படம் இருட்டாக வந்தால் இன்னொரு பல்பு வாங்க ஓடாதீங்க. இருக்கிற விளக்கைக் கிட்டக் கொண்டுவாங்க. ஆனால் ஜாக்கிரதை. ஆரம்பத்தில் நாங்கள் பழைய 100 வாட் குண்டு பல்பை வேட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஊறுகாய் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். வேட்டியில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு. தெர்மாகோல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்.இ.டி. தவிர வேறு எதையும் துணி, அட்டை பக்கத்தில் கொண்டுபோகாதீங்க. ஈரத் தரையில் ஒயர் வேண்டாம். குழந்தைகள் விளையாடுகிற நேரத்திலும் வேண்டாம்.

இனி பொருளுக்குப் பொருள் கொஞ்சம் மாறும். செக்கு நல்லெண்ணெய் பாட்டிலை முன்னால் வெளிச்சம் காட்டி எடுத்தால் கஷாயம் மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு முன்னால் வைத்து, வெளிச்சம் பின்னால் இருந்து வரும்படி எடுத்தால் பொன் மாதிரி எரியும். அப்பளமும் அப்படித்தான், உள்ளே இருக்கிற சீரகம் மிளகு கூடத் தெரியும். கண்ணாடி பாட்டிலின் விளிம்பு வெள்ளையில் கரைந்துபோனால், ரெண்டு பக்கமும் கருப்புச் சார்ட் துண்டு நிறுத்துங்க. விளிம்புக்குக் கோடு கிடைக்கும். எவர்சில்வர், பித்தளைதான் பெரிய தொல்லை. ஒரு தடவை சொம்பைப் படம் எடுத்துப் பெருமையாக அனுப்பிவிட்டு, அப்புறம் பெரிசு பண்ணிப் பார்த்தால் சொம்புக்குள் நாங்கள் மூணு பேரும் நைட்டியோடு நிற்கிறோம்! அதில் இருந்து, ஒரு வெள்ளைத் துணியில் கேமரா கண் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் எடுக்கிறோம்.

கோரைப் பாய், ஓலைப் பெட்டி, பட்டுக் கரை ஜரிகை இதெல்லாம் பின்னல் தெரியணும். அதற்கு வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக, தடவிக்கொண்டு போகணும். இதற்கு நம்ம ஊரிலேயே பாடம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டினது, நாம் எல்லோரும் பார்த்ததுதான். நேருக்கு நேராக டார்ச் அடித்தால் கல்தான் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்தில் இருந்து அடியுங்க, ஒவ்வொரு எழுத்துப் பள்ளத்திலும் நிழல் தேங்கி எழுத்து எழுந்து நிற்கும். பாய்ப் பின்னலுக்கும் அதே கணக்குதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். படம் நன்றாக வர ஆரம்பித்ததும் எங்களுக்கே ஆசை கூடியது. பொடிக்குச் சிவப்பைக் கூட்டுவது, நெல்லிக்காயைப் பெரிசாகக் காட்டுவது என்று போனில் இருக்கிற வித்தையெல்லாம் செய்து பார்த்தோம். ஒரு உறுப்பினர் நெட்டில் இருந்து யாரோ எடுத்த ஊறுகாய்ப் படத்தை எடுத்து நம்ம பெயரில் போட்டுவிட்டார். மறைக்க ஒன்றும் இல்லை, அது எங்கள் குழுவில்தான் நடந்தது. வாங்கின கடைக்காரர், "படத்தில் இருக்கிறது எங்கேம்மா?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரலை. சேலைக்காரத் தங்கச்சி ஏமாற்றாமலேயே அந்தப் பேச்சைக் கேட்டாள், இந்த முறை நாங்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டோம். இப்போது கலர் கூட்டுவது கிடையாது, படம் எடுக்கிற பாட்டில்தான் விற்கிற பாட்டில். லேபிளில் எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் படிக்கிற மாதிரி இன்னொரு படமும் சேர்த்து அனுப்புகிறோம். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு டீ டம்ளர் வைப்பதும் உண்டு. வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கி லேபிள் எழுத்து உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்க.

படம் விற்பதற்கு மட்டும் இல்லை. இதைக் கவனமாகக் கேளுங்க. போன வருஷம் நாங்கள் அனுப்பின ரெண்டு டஜன் பாட்டிலில் ஐந்து உடைந்துபோய்ச் சேர்ந்தது. அனுப்பும்போதே உடைஞ்சிருக்கும் என்று கொண்டுபோனவங்க சொன்னாங்க. நம்ம கையில் ஒரு ஆதாரமும் இல்லை, காசு போனது போனதுதான். அதில் இருந்து பெட்டி மூடுவதற்கு முன்னால் மேலிருந்து ஒரு படம், ஒட்டின பிறகு முகவரியோடு ஒரு படம். அடுத்த தடவை தகராறு வந்தபோது படத்தைக் காட்டினோம், பணம் வந்தது.

இது புது யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் என்பவர், காகிதத்தில் புகைப்படம் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், 1844-ல் வெளியிடத் தொடங்கின தன் புத்தகத்தில் அலமாரித் தட்டில் அடுக்கின பீங்கான் பாத்திரங்களின் படத்தைப் போட்டிருக்கிறார். இந்தச் சாமான்களைத் திருடன் கொண்டுபோனால், கோர்ட்டில் இந்தப் படத்தையே சாட்சியாகக் காட்டலாமே என்று அப்போதே எழுதியிருக்கிறார். மின்விளக்கு புழக்கத்துக்கு வராத காலம், அவருக்கும் வெயில்தான் விளக்கு. நம்ம சென்னையிலும் 1858-ல், மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பக் கற்களைப் படம் எடுத்தார். அடுத்த வருஷம் அந்தக் கற்கள் கப்பல் ஏறி லண்டனுக்குப் போய்விட்டன. அனுப்பின சரக்குக்கு இங்கே தங்கினது படம்தான்.

கடைசியாக ஒன்று. "போன் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, பையன்கிட்ட இருக்கு" என்று பாதிப் பேர் சொல்வீங்க. எங்களுக்கும் அப்படித்தான். அவங்க ராத்திரி வீட்டுக்கு வரும்போதுதான் போன் வரும், அதனால்தான் முதலில் ராத்திரி வெளிச்சத்தில் எடுத்து மாட்டிக்கொண்டோம். இப்போது குழுவுக்கு என்று ஒரு போன், குழுப் பணத்தில் வாங்கினது. சுமாரானதுதான். கணக்கு நோட்டு மாதிரி முறை வைத்துச் சுற்றுகிறது, யார் எந்தத் தேதியில் வைத்திருக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். நம்ம முகம் படத்தில் வர வேண்டியதில்லை. கை கூட வர வேண்டாம் என்று சொன்ன அக்காக்கள் இருக்காங்க, அவங்க பொருள் நன்றாகவே விற்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவாங்க, லேபிள் ஒட்டினதாக. வேட்டியும் தெர்மாகோலும் நாங்கள் கொண்டுவருகிறோம். கூட்ட அறையில் கிழக்கு ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது, பத்து மணிக்கு மேல் அதில் வெளிச்சம் குறைந்துவிடும். அதனால் பாலவாக்கம் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் முந்தின பஸ்ஸிலேயே வந்துடுங்க.